இரண்டு வரி மிஞ்சிய புத்தகம்

அச்சகத்தில் அவரைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். புரூஃப் பார்ப்பவர் என்பதால் மட்டுமல்ல. மாடிப்படி ஏறினாலும் பாதியில் நின்று, கீழே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை இவரைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. அப்படிப்பட்டவர் தலையில்தான் இருபது வருஷமாகச் சிறுவர் துப்பறியும் நாவல்கள் வந்து விழுந்தன. பாழடைந்த பங்களா அத்தியாயம் வந்தால், நாலு பேர் இருக்கிற பைண்டிங் மேசையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

கடைசியாக வந்த நாவலில் ஓர் அண்ணனும் தங்கையும் மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரிக்குள் திருடனைத் தேடிப் போகிறார்கள். தொண்ணூற்றாறு பக்கத்தில் முடிய வேண்டிய புத்தகம், இரண்டு வரி மிஞ்சி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. ஒரு தாளுக்குப் பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும்; இரண்டு வரிக்காக இன்னொரு முழுத் தாளை வீணாக்க முதலாளிக்கு என்ன பைத்தியமா?

"ரெண்டு வரிய தூக்கிடுங்க. கதை கெடாம பாத்துக்கங்க," என்றார்.

எழுதியவரைக் கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. கமா மூன்று தரம் படித்துவிட்டு ஓர் இடத்தைப் பிடித்தார். 'உள்ளே போகும் முன் தங்கை கதவில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது.' இது போனால் யாருக்கு என்ன நஷ்டம்? சிவப்புப் பேனாவால் அடித்தார். கதைக்கு வேகம் கூடிவிட்டதாக உள்ளுக்குள் பெருமை வேறு.

மகளுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார். புத்தகம் கடைக்குப் போன மூன்றாம் நாள், மாலை ஐந்து மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"பொண்ணு இன்னும் ஸ்கூல்லேருந்து வரலைங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணையும் காணோம். ஐஸ் ஃபேக்டரியில துப்பறியப் போறோம்னு காலையிலேயே சீட்டு எழுதி வெச்சிருக்கா, இப்பதான் பாத்தேன்."

அவர்கள் தெருவுக்குப் பின்னாலேயே அப்படி ஒரு ஃபேக்டரி பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அடித்த அந்த இரண்டு வரிகளும் எழுத்து எழுத்தாகக் கமாவின் கண்முன் வந்து நின்றன. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாக நடுவில் எங்கும் நிற்கவில்லை.

தகர கேட்டின் ஓட்டை வழியாகப் புகுந்தார். உள்ளே கும்மிருட்டு. புறா ஒன்று படபடத்துப் பறந்ததில் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுவரைத் தடவிக்கொண்டே போனால், கோடியில் குளிர் அறை. ஒரு சாண் கனக் கதவு. இறுக மூடியிருந்தது.

கூப்பிட்டார். பதில் இல்லை. துருப்பிடித்த கைப்பிடி லேசில் அசைந்து கொடுக்கவில்லை. உள்ளே என்ன பார்க்கப் போகிறோமோ என்ற பயத்தில் இன்னொரு மனம் திறக்காதே என்றது. முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினார்.

இரண்டு பெண்களும் மூலையில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்திக் கத்திக் குரலே போய்விட்டிருந்தது. மகளை வாரி எடுத்தபோதுதான் அவருக்குப் போன உயிர் வந்தது.

வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும் மகள் தேம்பிக்கொண்டே, "உள்ள கைப்பிடியே இல்லப்பா. கதையில அவங்க சும்மா போய்ட்டு வந்துடுவாங்க. நான்தான் எதோ ஒரு வரிய படிக்காம விட்டுட்டேன் போலிருக்கு," என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கமாவுக்கு அந்த ஆசை வராமலும் இல்லை.

"நீ விடலம்மா," என்றார். "அப்பாதான் எடுத்தேன்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"எல்லா புக்லயுமாப்பா?"

இரண்டாயிரம் பிரதி. கமா இரண்டு பெண்களையும் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, கடைக்குப் போன பிரதிகளைத் திரும்ப வாங்கச் சொல்ல, வெறுங்காலோடு அச்சகத்தைப் பார்த்து ஓடினார்.