காற்றில்லாத மண்டபம்

யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான மயிலிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதி மணலும் பாதி களிமண்ணுமாக ஒரு பட்மின்ரன் திடல் இருந்தது. கோடுகளுக்கு அடுப்புச் சாம்பல். வலை, என்னைப் பெற்ற ஐயா கடலுக்கு எடுக்காமல் ஒதுக்கிய பழைய வலை. அதன் மேல் ஓரத்தில் அம்மா கிழிந்த சாரத்துண்டை மடித்துத் தைத்திருந்தார். எவ்வளவு கழுவினாலும் மீன் வெடுக்குப் போகாது. ரவுனிலிருந்து எங்களோடு ஆட வரும் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆட்டம் முடியும்போது அவர்களுக்குச் சுளிக்க வேறு காரணம் இருக்கும்.

நான் அறிந்த திடல்கள் எல்லாமே வெட்டவெளித் திடல்கள்தான். மற்றவர்கள் காற்று ஓயட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கள் ஊரில் காற்று எங்கே ஓய்ந்தது? சோளகக் காற்று வீசினால் ஷட்டிலை இடப்பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அடிப்பேன். காற்று அதைக் கொண்டுவந்து உள்ளே வைக்கும். வாடைக் காற்று என்றால் மறுபக்கம். ஷட்டிலைப் போடுமுன் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து விரல் நுனியால் உதிர்த்துப் பார்ப்பது என் வழக்கம். ஐயா வள்ளம் தள்ளுமுன் அப்படித்தான் செய்வார். ஒருவரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிட்டது.

"நீ எங்கை விளையாடுறாய்? காத்தெல்லோ விளையாடுது" என்பார் அண்ணை. அவர்தான் எனக்கு எதிரே நின்று ஆடுகிறவர், தோற்கிறவரும் அவர்தான். அதனால் அந்தக் கதையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் சண்டை நின்று ரயில் ஓடிய சில மாதங்கள் இருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ரீச்சர் என்னைக் கொழும்புக்கு ஒரு தேர்வுக்குக் கூட்டிப்போனார். எடுபட்டால் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி தருவார்கள். சாப்பாடும் உடுப்பும் அவர்கள் பொறுப்பு, பிற நாடுகளுக்கு ஆடவும் அனுப்புவார்கள். விளையாட்டையே சீவியமாக்க என்னைப் போல ஒருத்திக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கு ஆசைப்பட்ட அளவு நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

மண்டபத்துக்குள் போனதும் மூச்சு முட்டியது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. ஷட்டில் அசையக் கூடாது என்று மின்விசிறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். என் முறை வந்தது. நான் வழக்கப்படி குனிந்து மண்ணைத் தேடினேன். கையில் பட்டது மினுக்கிய பலகைத் தரை. யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

முதல் ஆட்டம் முழுக்க என் ஷட்டில்கள் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தன. ஒரு முழம், சொல்லிவைத்தாற்போல ஒரு முழம். எந்தக் காற்றுக்காக அடித்தேனோ தெரியாது. கை தன்பாட்டில் ஒரு காற்றை வைத்துக்கொண்டு அடித்தது.

இடைவேளையில் ரீச்சர் தண்ணீர் தந்தார். "இஞ்சை காத்து இல்லைப் பிள்ளை. இல்லாத காத்துக்கு அடிக்கிறாய். நேரை அடி."

நேராக அடித்தேன். இரண்டாவது ஆட்டம் என்னுடையது. மூன்றாவதிலும் முன்னுக்கு நின்றேன். கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டியிருந்தது. அதை நினைத்ததும் கை ஊருக்குத் திரும்பிவிட்டது. மறுபடியும் ஒரு முழம். அதன் பிறகு ஒன்றும் சரிவரவில்லை.

தேர்வாளர் ஒருவர் ரீச்சரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "கை நல்லதாம். வாற வருசம் கட்டாயம் வரட்டாம்" என்றார் ரீச்சர். ரயிலில் அந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அண்ணை விடுவாரா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

"கூடம் கோணலில்லை அண்ணை. கூடம் நேர். நான்தான் கோணல்" என்றேன். அவர் பிறகு அந்தப் பகிடியைச் சொல்லவில்லை.

அந்த ஆனியிலேயே சண்டை மீண்டும் தொடங்கியது. ஷெல் விழ விழ மயிலிட்டியை விட்டு ஓடினோம். ஐயாவின் வள்ளம் கரையிலேயே கிடந்தது. கொக்குவிலில் உறவுக்காரர் வீட்டில் ஒரு பக்கம் தந்தார்கள். ரயிலும் நின்றது, கொழும்புப் பாதையும் பூட்டுப்பட்டது.

அந்த வீட்டைச் சுற்றி உயரமான மதில். வளவுக்குள் காற்று நுழையாது. மற்றவர்கள் புழுங்குகிறது என்று அலுத்துக்கொள்ள, எனக்கு அது கொழும்பு மண்டபமாகத் தெரிந்தது. உடுப்புக் கொடிக்கு மேலால் அண்ணையும் நானும் அடித்தோம். புது ஷட்டில் கடைகளில் இல்லை. இருந்ததற்குக் கோழி இறகு குத்தி ஒட்டினோம். நேராக, நேராக என்று கைக்குச் சொல்லிக் கொடுத்தேன். வாற வருசம் என்பது வருசா வருசம் தள்ளித் தள்ளிப் போனது. ஆனாலும் நான் விடவில்லை. பாதை திறக்கும் அன்று என் கை தயாராக இருக்க வேண்டும் என்ற ஒரு பிடிவாதம்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, கொக்குவிலும் சேர்ந்த வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். அதன் பின்னால் வயல்வெளி. சில நாள் கழித்து ஒரு பின்னேரம் அண்ணை மூட்டைக்குள்ளிருந்து றக்கெற்றுகளை எடுத்தார். வெளியில் போய் எதிரெதிரே நின்றோம். ஐயா மதகில் இருந்து பார்த்தார்.

அடித்தேன். ஷட்டில் அண்ணையைத் தாண்டி ஒரு பக்கமாக அள்ளுண்டு வயலுக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மட்டமான ஷட்டில் என்று கோபப்பட்டேன்.

"வாடை துவங்கீற்றுதெல்லோ பிள்ளை" என்றார் ஐயா. "மயிலிட்டியிலை எண்டால் படுக்கையாலை எழும்பேக்கையே சொல்லியிருப்பாய்."

மண்ணெடுத்து உதிர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கொழும்பில் தோற்றபோதும் வீட்டை விட்டு ஓடியபோதும் நான் அழவில்லை. அன்று வயலுக்குள் இறங்கி, ஷட்டிலைத் தேடுகிற சாட்டில், இருட்டும்வரை அழுதேன். இனி நான் போகவே முடியாத ஒரு மண்டபத்துக்காக எங்கள் ஊர்க் காற்றை மறந்திருந்தேன்.