டபுள் பேஸ் நின்ற மூலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து ஒரு வரியில் ஏறும், அடுத்த வரியில் இறங்கும். பிழைகளும் நிறைய இருக்கும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். ஊசிக்குப் பழகிய கை பேனாவுக்கு வணங்க மாட்டேன் என்கிறது. "நீ சொல்லுப்பா, நான் போன்ல டைப் பண்ணித் தர்றேன்" என்று மகள் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

இது என் அண்ணனைப் பற்றியது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு லாரிதான் கண்ணில் வரும். வேலூரிலிருந்து தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரி அது. கட்டுகளுக்கு மேலே, பழைய கம்பளி சுற்றிய ஏதோ ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆளைவிட நீளமாக இருந்தது அது. தெரு முனையில் இருந்தவர் ஒருவர் பதறிப்போய், "இன்னாப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அண்ணன் மேலிருந்தே, "ஒண்ணும் ஆவல, உயிரோடதான் இருக்குது" என்றார். இறக்கி, கம்பளியை விலக்கியபோது தெருவே கூடிவிட்டது. பார்க்க வயலின் மாதிரிதான். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. வயிறு ஒரு சின்னப் பீரோ அகலம். நாலு தடித்த கம்பிகள். நின்றுகொண்டு, அதன் கழுத்தைத் தோளோடு அணைத்துத்தான் வாசிக்க வேண்டும். டபுள் பேஸ் என்று அண்ணன் பெயர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வரைக்கும் அதிலிருந்து பதப்படுத்திய தோலின் வாசனை வந்துகொண்டிருந்தது.

அண்ணன் என்னைப் போலத்தான், ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருந்தார். குரல் நன்றாக இருந்ததால் சர்ச் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு இதை வாசிப்பார். அவரிடம் கேட்டுக் கேட்டு, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அண்ணன் கற்றுக்கொண்டார். டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது இதைக் கொண்டுபோக வழியில்லை. வேறு யாருக்கும் இதன் மேல் ஆசையும் இல்லை. அப்படித்தான் இது எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தது.

அண்ணன் வாசிக்கும்போது நான் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காருவேன். முன்னால் போய் உட்கார எனக்குக் கூச்சம். அந்த ஓசை காதுக்கு வருவதற்கு முன்பே உட்கார்ந்திருக்கும் பலகைக்கு வந்துவிடும். பலகையிலிருந்து முதுகுக்கு ஏறும். மற்றவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நான் என் விலா எலும்பில் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய இடது கை கம்பிகளின் மேல் கீழே இறங்கி மேலே ஏறும். அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் காய்த்துப்போய், வெல்லக்கட்டி மாதிரி கெட்டியாக இருந்தன.

பிறகு எல்லா வாத்தியத்தின் ஓசையையும் ஒரே பெட்டியில் வைத்த கீபோர்டு வந்தது. அதுவரை கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க அண்ணனைக் கூப்பிட்டவர்கள், "அந்தப் பெரிசு வேணாம், அத வெச்சா நாலு நாற்காலி எடம் போவுது" என்றார்கள். அதே வருடம் அண்ணனின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அண்ணன் துபாய்க்குப் போனார். போவதற்கு முன்பு எனக்கோ அம்மாவுக்கோ அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அதைப் பற்றித்தான்.

"மல்லாக்கப் போடாத. குப்புறவும் போடாத. நிக்க வெச்சா மூலையில வை, தோள் ரெண்டும் ரெண்டு சுவத்துலயும் சாயணும். படுக்க வெச்சா ஒருக்களிச்சுப் போடு, புள்ளத்தாச்சி படுக்கற மாதிரி" என்றார். வெயில் படாத மூலை எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அதையே அதற்குக் கொடுத்தோம். அதன் வயிற்றுக்குள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. நாலு கம்பியும் இழுத்து அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்கிறது. "கம்பிய கொஞ்சம் தளர்த்தி வை. முழுசா மட்டும் இறக்கிடாத. குச்சி விழுந்துடும். விழுந்தா நிறுத்தறதுக்கு இந்தப் பக்கம் ஆள் இல்ல. நான் வந்து எடுத்தா உடனே வாசிக்கற மாதிரி இருக்கணும்" என்றார். நான் வந்து எடுத்தா என்ற அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவி வீட்டுக்குள் வந்ததும் மூலையில் நின்ற அதைப் பார்த்து மிரண்டுபோனாள். பழகின பிறகு அதற்கு ஓரகத்தி என்று பெயர் வைத்தாள். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "உங்கண்ணன் பொண்டாட்டிய எங்கிட்ட வுட்டுட்டுப் போய்ட்டாரு. ஒரு வேல செய்யறாளா பாருங்க. நாள் பூரா நின்னுக்கினே கெடக்கறா" என்பாள். ஆனால் அவள்தான் அதை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள். எங்கள் ஊர் வெயிலில் கதவு நிலையே காய்ந்து விரிசல் விடும். மரம் வறண்டால் பலகை வெடிக்கும் என்று அண்ணன் சொன்னதால், பங்குனி பிறந்ததும் அதன் பக்கத்தில் ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி, பானையைச் சுற்றி ஈரத்துணி போடுவாள். மழைக்காலத்தில் பானையை எடுத்துவிட்டுக் காய்ந்த துணியால் துடைப்பாள். கம்பெனியில் கழித்துவிட்ட தோலைக் கேட்டு வாங்கி வந்து நான் அதற்கு ஒரு உறை தைத்தேன். தோல் வேர்க்கும் என்று உள்பக்கம் அவள் தன் நூல் புடவையைக் கொடுத்தாள்.

எதிர்வீட்டு பாய் தோல் வியாபாரி. என்னை தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார். ஒரு கோடையில் வந்து பார்த்துவிட்டு, "மரமும் தோல் மாதிரிதான் தோஸ்த். எண்ணெய் காட்டலன்னா வெடிச்சிடும். நான் தர்றேன், நல்லா தேச்சி வுடு" என்றார். தோல் ஊரில் பிறந்தவர்களுக்கு எதற்கும் எண்ணெய்தான் வைத்தியம். போனில் அண்ணனிடம் சொன்னேன். "அது இன்னா மாட்டுத் தோலா? பாய் எண்ணெயோட கிட்ட வந்தார்னா நான் அடுத்த பிளைட்லயே வந்துடுவேன்னு சொல்லு" என்றார். போனை வைத்த பிறகு, அப்படியாவது வரட்டும், கொஞ்சம் எண்ணெய் தடவிவிடலாமா என்று நான் யோசித்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் போன் வரும். முதல் கேள்வி, "அது எப்படி இருக்குது?" நான், "நல்லா இருக்குதுண்ணா" என்பேன். தண்ணீர் வைத்தது, துடைத்தது, உறையில் தையல் விட்டது, எல்லாம் சொல்வேன். மகள் பிறந்ததைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன். வேறு மாதிரி பேச எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அம்மா இறந்தபோது ஒரே ஒரு தடவை வந்தார். சாவு வீடு என்பதால் வாசிக்கவில்லை. உறையைக் கழற்றி, கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தளர்த்திவிட்டு, உறையை மூடிவிட்டுப் போனார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள்.

இந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கப்போகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மகள் படிப்பைப் பற்றிக் கேட்டார், மனைவியின் மூட்டு வலியைப் பற்றிக் கேட்டார். வைக்கப்போகிற நேரத்தில், "டேய், அந்தக் கம்பி எல்லாத்தையும் இறக்கிடு" என்றார்.

"கொஞ்சமாவாண்ணா?"

"முழுசா."

"குச்சி விழுந்துடுமே."

"வுழட்டும்டா. எவ்ளோ நாளைக்குத்தான் அது முறுக்கிக்கினே நிக்கும்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி வரமாட்டேன் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை.

அந்த வாரமே, அண்ணனோடு அங்கே வேலை செய்கிற பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அண்ணன் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "இப்ப அண்ணனுக்குக் கஷ்டம் இல்ல. கேட்ல உக்கார வெச்சிட்டாங்க. அந்தக் கைய வெச்சிக்கினு வேற இன்னா செய்ய முடியும்?" எந்தக் கை என்று மனைவி கேட்டாள். அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா? சரக்கு ஏத்தற எடத்துல இரும்புக் கதவுல மாட்டிக்கிச்சு. இடது கை. மூணு விரல் மடங்க மாட்டேங்குது. ஆச்சே, ரெண்டு வருஷம்."

அவர் போன பிறகு டீ டம்ளரை நானே எடுத்துக் கழுவி வைத்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும், அது எப்படி இருக்குது என்று கேட்டாரே, அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டாரா, இல்லை மற்ற கையிலா என்று எனக்கு அர்த்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவிதான் கடைசியில் கேட்டாள். "அத பத்திரமா வெச்சிருந்தா அவரு வந்துடுவார்னுதான இத்தன வருஷம் காவ காத்தீங்க?"

"ஆமாம்."

"எங்களுக்காக வாண்ணான்னு ஒரு தரமாவது கூப்டீங்களா?"

கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. அம்மாகூட, வெளியூரில் கட்டிக்கொடுத்த எங்கள் அக்காவுக்கு ஆள் விடும்போது, வரச் சொல் என்று சொல்ல மாட்டாள், சோறு இருக்குதுன்னு சொல்லு என்றுதான் சொல்லி அனுப்புவாள். நானும் அந்த வயிற்றில் பிறந்தவன்தானே. அதை நல்லா வெச்சிருக்கேண்ணா என்று நான் சொன்னதெல்லாம் வாண்ணா என்றுதான். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இப்போது அது இருந்தும் வாசிக்கக் கையில்லை என்றால், அவரைக் கூப்பிட என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அந்த ஒரு வாரம் கம்பெனியில் என் தையல் எல்லாம் கோணலாகப் போனது.

போன ஞாயிறு போன் வந்தது. "இறக்கிட்டியா?" என்றார்.

"இல்லண்ணா."

"சொன்ன பேச்சக் கேக்க மாட்டியாடா நீ?"

"கை விஷயம் தெரியும்ணா."

"அவன் சொன்னானா? அவன் வாயில ஒண்ணும் நிக்காது" என்றார். மனைவி என் எதிரில் வந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னேன். "நீ வாண்ணா. வாசிக்க வேணாம். சும்மா வந்து உக்காரு."

அண்ணன் சிரித்தார். "எங்கடா உக்கார்றது? இருக்கறதே ஒரு ரூமு. நல்ல எடத்த அது புடிச்சிக்கினு இருக்குது" என்றார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இன்று காலை பாயிடம் போய்க் கேட்டேன். அவர் வீட்டு மாடியில் பதப்படுத்திய தோல் வைக்கிற அறை இருக்கிறது. வெயில் வராது, ஈரம் தங்காது. "தாராளமா கொண்டா தோஸ்த். சத்தியமா எண்ணெய் தொட மாட்டேன்" என்றார். நானும் அவரும் கழுத்துப் பக்கம் ஒருவர், அடிப்பக்கம் ஒருவராகத் தூக்கினோம். மனைவி நடுவில் கை கொடுத்துக்கொண்டே, "பாத்து, பாத்து, படிக்கட்டு" என்று வந்தாள். கம்பிகளை நான் இறக்கவில்லை. மாடி அறையில் தோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வந்தோம். படி இறங்கும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அந்த மூலை நீலமாக இருந்தது. வீட்டுக்கு எத்தனையோ தடவை வெள்ளையடித்திருக்கிறோம். சுண்ணாம்பு தெறித்துவிடும் என்று பயந்து அதன் பின்னால் மட்டும் யாரும் பிரஷ் வைத்ததில்லை. அது அண்ணன் துபாய் போவதற்கு முந்தின வாரம் தன் கையால் அடித்த நீலம். இடதும் வலதுமாக அவர் பிரஷ் இழுத்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அம்மாவின் கட்டிலைப் போட்டு, மனைவி துவைத்த விரிப்பு விரித்திருக்கிறாள். நாளைக்கு அவர் போன் செய்வார். முதலில் எதைப் பற்றிக் கேட்பார் என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும், இடம் இருக்குதுண்ணா என்று சொல்ல வேண்டும்.

ஆம்பூர், 10 மே 2025, சனிக்கிழமை.