காப்பாத்தலாமாம்

நரம்பு நோயில் அப்பாவின் பேச்சு நின்றபோது எனக்குப் பத்து வயது. ஜேர்மனிக்கு வந்தும் அம்மாவுக்கோ அந்த டொச் மொழி கடைசிவரை நாக்கில் ஒட்டவில்லை. ஆகவே எங்கள் வுப்பர்டால் நகரத்தில் எந்த டொக்டரைப் பார்க்க டெர்மின் என்று நாள் குறித்தாலும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். கணக்குப் பாடத்திலிருந்து தப்பலாம் என்று அந்த உத்தியோகத்தில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிழமை தமிழ்க் கடைக்கு வல்லாரை வந்திருந்தது. நரம்புக்கு அதை மிஞ்சிய மருந்து உலகத்தில் இல்லை என்பது அம்மாவின் கட்சி. ஒரு பிடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தார்.

"இதின்ரை சாறு குடுக்கலாமோ எண்டு கேள் பிள்ளை."

டொக்டர் பொறுமைசாலி. இலையைப் புரட்டிப் பார்த்தார், கணினியில் தேடினார், பிறகு எனக்கு மெதுவாகச் சொன்னார். இதில் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் அது நரம்புக் கலங்களைப் பாதுகாக்கக்கூடும் போலத் தெரிகிறது. மனிதரில் அப்படி நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. செத்த கலங்கள் திரும்பி வரா. அப்பாவுக்கு விழுங்குவதே ஆபத்து, சாறு ஒன்றும் வேண்டாம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நரம்பைக் காப்பாத்தலாமாம்."

டொக்டர் போட்டது சந்தேகச் சொல். எங்கள் 'லாம்' சந்தேகத்துக்கும் செல்லும், உறுதிக்கும் செல்லும். அம்மா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அம்மா."

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு. மிடறுக்கு மிடறு அப்பாவுக்குப் புரைக்கேறும். கண் சிவந்து, பாதி நெஞ்சில் வழியும்.

"இஞ்சேருங்கோ, இன்னும் ஒரு வாய். நரம்புக்கு நல்லதெண்டு டொக்டரே சொன்னவர்" என்று அம்மா துடைத்துவிடுவார்.

நான் பள்ளிக்கூடப் பையோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று பயம். அப்பா ஒருநாளாவது சாறு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் மூடவில்லை.

மாரி தொடங்க, சளி நுரையீரலில் இறங்கி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். சாறு குடிக்காவிட்டாலும் அந்த நோய் அவரை விட்டிருக்காது என்று நான் வளர்ந்தபின் வேறொரு டொக்டர் சொன்னார். நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு டொக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் விளங்கியது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பேச்சுப் போனவருக்கு விளக்கமும் போய்விடும் என்பது என் எண்ணம். பதினான்கு வருஷம் ஜேர்மன்காரரோடு தொழிற்சாலையில் வேலைசெய்தவர், வீட்டுக்கு வந்த அரசாங்கப் படிவமெல்லாம் தானே வாசித்து நிரப்பியவர், சக்கர நாற்காலியில் என் பக்கத்திலேயே இருந்தார். நான் "இல்லை அம்மா" என்றபோது அவருடைய விரல்கள் என் கையை மெல்ல அழுத்தின. அவருக்கு மூத்திரம் வருகிறதாக்கும் என்று நினைத்து நான் தாதியைக் கூப்பிட்டேன்.