பெருக்கல் குறி போட்ட முட்டை

அந்த முட்டையை நாய்தான் தோண்டி எடுத்தது. ஓட்டின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. மேல்புறம் சன்னல் போலச் சதுரமாக வெட்டியிருந்தது. உள்ளே ரத்தக் கோடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. எங்கள் அரியலூர் வீட்டுக் கொல்லையில் அதை முதலில் பார்த்தவர் என் மாமியார். பார்த்ததும் என் வயிற்றைத்தான் திரும்பிப் பார்த்தார்.

எழுபதுகளின் கடைசி அது. அதற்கு முன் இரண்டு கரு எனக்குத் தங்காமல் போயிருந்தன. இந்த முறை வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. மாமியார் செந்துறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர். மழையையே நம்பாதவர், மனிதரை எங்கே நம்புவார்? முதல் இரண்டும் யார் கண்ணால் போனது, யார் கையால் போனது என்று தேடிக்கொண்டே இருந்தார். பால்காரர், பூக்காரம்மா, என் கூடப்பிறந்த அக்கா என எல்லோரும் அந்தச் சந்தேகத்தில் ஒரு சுற்று நின்றவர்கள்தான். இப்போது பின்கட்டில் குடியிருந்த டீச்சரின் முறை. கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர், தனியாள். நாட்டுக்கோழி முட்டையாக வாங்குவார், ஆனால் ஆம்லெட் வாசனை ஒருநாளும் வந்ததில்லை. மாமியார் அதை ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார்.

முட்டையை மந்திரித்துப் புதைத்தால் கரு கலையும் என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. என் பயமும் சேர்ந்து அவர் குரலிலேயே வெளியே வந்தது.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. பொழுது சாயறதுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிடுங்க."

டீச்சர் பதறவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

"குஞ்சு எப்படி உருவாகுதுன்னு பசங்களுக்குக் காட்டத்தாம்மா. முட்டையைத் திருப்பி வைக்க அடையாளத்துக்கு அந்தக் குறி. பார்த்து முடிச்சதைத்தான் கொல்லையில புதைச்சேன். உள்ள வந்து பாருங்க, பூதக்கண்ணாடி தரேன்."

"பூதம் வேறயா?" என்றார் மாமியார்.

என்னை வாசற்படியிலேயே நிற்கச் சொன்னார். நான் தாண்டி உள்ளே போனேன். யார் செய்தது என்று தெரியாமல் இன்னொரு பிள்ளையைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. பல்பு எரிந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விட்டார் டீச்சர். மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. அதன் இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சின்ன மணிகள். தலைப்பக்கம் வரிசையாக முடிந்திருந்தது, வால்பக்கம் இன்னும் உதிரியாகக் கிடந்தது. பாதி தொடுத்த மல்லிகைச் சரம் அப்படித்தான் இருக்கும். தலையிலிருந்து ஒவ்வொரு ஜோடியாகப் பிரிந்து வரும், அதிலிருந்துதான் முதுகெலும்பு வரும், மனுசப் பிள்ளைக்கும் அதே கதைதான் என்றார் டீச்சர்.

"எனக்கு முன்னாடி போன ரெண்டும்?" என்று கேட்டேன். என் குரலை டீச்சர் முதல்முறை கேட்டது அன்றுதான்.

"சிலது உருவாகறப்பவே தவறிப் போயிடும்மா. அதுக்கு யாரும் எதுவும் செய்ய வேணாம்."

நம்ப ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதை எல்லாம் சந்தேகப்படவும் அந்த வீட்டில் பழகியிருந்தேன்.

மாமியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இது என்ன செவப்பா துடிக்குது?"

"இதயம்மா."

"அப்ப உசுரு இருக்கு?"

"இருக்கு."

"உசுரோட இருக்கறத ஏன் ஒடச்சீங்க?"

மறுநாளே பெட்டி கல்லூரிக்குப் போயிற்று. வீட்டைக் காலி செய்யும் பேச்சு பிறகு எழவில்லை. ஆனால் பிரசவம் வரை டீச்சர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க என்னை விடவில்லை மாமியார்.

பெண் பிறந்தது. வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து யார் சாயல் என்று பேசினார்கள். மாமியார் குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, பிடரியிலிருந்து கட்டைவிரலை மெல்ல இறக்கினார். ஒவ்வொரு எலும்பிலும் விரல் நின்றது. கடைசி வரை போன பிறகுதான் மூச்சு விட்டார்.

"எல்லாம் வரிசையாத்தான் இருக்கு. டீச்சர்கிட்ட சொல்லிடு."

அந்த மகளே பிள்ளை உண்டாகி, பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்தபோது, திரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த குழந்தையின் முதுகெலும்பைக் காட்டி, "நல்லா இருக்கும்மா" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். பேரன் பிறந்ததும், முகத்தைப் பார்க்கும் முன்பே அவனைக் குப்புறப் போட்டேன்.