ஜன்னலின் பூட்டை உடைத்த நாள்

எழுபதுகளில், மீஞ்சூரில் ஒரு கடையில் மைக் செட் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது என் வேலை. திருட்டுக்குப் பயந்து முதலாளி ஜன்னலைப் பூட்டியே வைத்திருந்தார். ஒருநாள் பேட்டரியில் தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்தேன். தப்பு என்னுடையதுதான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து கிளம்பி, மூடிய அறையில் தேங்கிய வாயு பற்றிக்கொள்ள, பேட்டரி வெடித்து ஆசிட் கண்ணில் தெறித்தது.

வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அஞ்சலை குடத்தோடு ஓடிவந்தாள்.

"தண்ணி ஊத்தாதே, கண்ணு பூடும்!" என்று முதலாளி கத்தினார்.

"தள்ளு நைனா! எரியறது அவன் கண்ணா, உன் கண்ணா?" என்றபடி அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பார்வை பிழைத்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே பூட்டை உடைத்து ஜன்னலைத் திறந்தேன்.

"யாரைக் கேட்டுடா ஒடைச்சே?"

"மூடினா பேட்டரியத் தொட மாட்டேன் மொதலாளி. வேற ஆளப் பாத்துக்குங்க."

அவர் உடைந்த பூட்டைப் பொறுக்கிக்கொண்டு, ஜன்னலை மூடாமலே போனார். அதுவரை அவர் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்று வேலை போயிருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.