ஹுன்னஸ்கிரியவில் பதினொரு திராட்சை

ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குக் கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் ஏறினேன். சுற்றிப்பார்க்க அல்ல. பழங்களில் தங்கிவிடும் பூச்சிமருந்து மக்களின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிடும் வேலை எனக்கு. மருந்தை ஆய்வுகூடம் அளந்துவிடும். நேற்று என்ன பழம், எத்தனை கிராம் சாப்பிட்டீர்கள், உங்கள் எடை என்ன என்று வீடு வீடாகக் கேட்பது நான்.

படிவத்தில் 'யாருடன் சாப்பிட்டீர்கள்' என்றும் ஒரு கட்டம் உண்டு. கை பழக வேண்டும் என்று எங்கள் சாப்பாட்டையும் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அறை எடுத்து ஏழு மாதம். ஏழு மாதமும் அந்தக் கட்டத்தில் 'தனியே' தான். பழமும் வாங்குவதில்லை. ஒருத்திக்காகப் பப்பாசி வெட்டினால் மூன்று நாள் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

35 கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம், 140 ரூபாய். திகன வரை நின்றுகொண்டுதான் போனேன். அங்கே பாதிப் பேர் இறங்க, ஜன்னலோரம் கிடைத்தது. மலையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே பாருங்கோ என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லாதது அப்போது சுட்டது.

சந்தியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 400 ரூபாய். "ராஜேஸ்வரி அக்கா வூட்டுக்குத்தானே மிஸ்? விருந்தாளி வர்றாங்கன்னு நேத்தே கடையில சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றார் ஓட்டோக்காரர்.

ராஜேஸ்வரி அக்கா கொழுந்து பறிப்பவர். மகள்மார் இருவரும் கொழும்பில் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவர் வீட்டில் அவர் மட்டும். கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"நேற்று என்ன பழம் சாப்பிட்டனீங்கள் அக்கா?"

"திராட்சை, மிஸ்."

கிராம் கேட்டு எழுதிவிட்டேன். எத்தனை நாளைக்கொருமுறை வாங்குவார் என்று கேட்டதும் சிரித்தார். "நாங்க எங்க மிஸ் வாங்குறது? நீங்க வர்றதாத் தோட்டத் தலைவர் சொன்னாரு. பழத்தப் பத்திக் கேக்க வர்றவங்ககிட்ட ஒண்ணுமில்லன்னா நல்லாவா இருக்கும்? கால் கிலோ வாங்கினேன். பாதி நான் தின்னேன், மீதி உங்களுக்கு."

நான் வராவிட்டால் அந்தப் பழமும் இல்லை, அந்த மருந்தும் இல்லை. "இதை எழுத ஏலாது அக்கா" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப வாங்கினது வீணா மிஸ்?"

வீடுகளில் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விதி பேச எனக்கு மனம் வரவில்லை. "கொண்டு வாங்கோ அக்கா, சேர்ந்து சாப்பிடுவம்" என்றேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொண்டுவந்தார்.

"வூட்டுல யாரோட சாப்பிடுவீங்க?"

"தனியத்தான்."

"நானுந்தான்" என்று, நல்ல பழமாய்ப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

போகிறவர்கள் குடை எடுங்கள், பிற்பகலில் மழை. திரும்பும் பஸ்ஸை நாலு மணிக்கு முன் பிடியுங்கள். என்னைப் போல் படிவத்தோடு போகிறவர்கள் முதல் நாளே சொல்லி அனுப்பாதீர்கள், கணக்குக் கெட்டுவிடும். சும்மா போகிறவர்கள் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

திரும்பும் பஸ்ஸிலேயே அக்காவின் படிவத்தில் திராட்சையைக் கோடு போட்டு வெட்டினேன். பிறகு என்னுடையதை எடுத்தேன். திராட்சை, பதினொன்று, கழுவியது. யாருடன்: ராஜேஸ்வரி அக்கா.