தாழ்ப்பாள் போட்ட அறை

என் தங்கை எதையும் வெளியே சொல்லாதவள். சின்ன வயதில் விரலில் ஊசி ஏறியபோதுகூட, அம்மாவுக்குத் தெரியாமல் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தவள். அப்படிப்பட்டவளைப் பேச வைத்தார்களே, அந்த ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவள் தையல்காரி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவள் கடை. நான் அங்கே காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன், அவள் பேசாத பேச்சையும் சேர்த்து நானே பேசுவேன். சண்டை ஓய்ந்து எத்தனையோ வருடம் ஆகியும், தெருவில் ஏதாவது படாரென்று விழுந்தால் அவள் கால் மெஷின் மிதியின் மேலேயே உறைந்துபோகும். சட்டை பாதித் தையலில் நிற்கும். கேட்டு வருகிறவர்களிடம், "நூல் அறுந்துடுச்சு, நாளைக்கு வாங்க" என்று நான்தான் சமாளிப்பேன். ஊரிலேயே அதிகமாக நூல் அறுந்த கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவள் கணவர் மைக்செட் போடுகிறவர். அவர் வேலையாக வெளியூர் போயிருந்த சமயத்தில் சண்டை எங்கள் பக்கம் வந்து பாதையை மூடிவிட்டது. வீட்டில் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய தம்பியும். அந்தத் தம்பி டீக்கடையில் வேலை பார்த்தவன். சட்டைப்பையில் என்றைக்கும் காற்றுதான் இருக்கும். ஆனால் எங்கிருந்து எழுந்தாலும், வீட்டில் சாப்பிட்டு எழுந்தால்கூட, "நீங்க போங்க, நான் பில்லு கட்டிட்டு வர்றேன்" என்பான். அண்ணி போட்ட சாப்பாட்டுக்கு எவன் பில்லு கேட்டான்? அடிக்கக் கை ஓங்குவோம், அதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

பிள்ளைகளோடு ஓடி வந்த வழியில் குண்டு விழுந்து கொழுந்தன் போய்விட்டான் என்று தங்கை சொன்னாள். அவள் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"துடிச்சானா?"

"இல்ல. ஒரு நொடிதான்."

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் மறுபடி எழுந்து நடமாடினார். யார் வந்து துக்கம் கேட்டாலும், "கஷ்டப்படல, ஒரு நொடிதான்" என்பார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "பில்லு சித்தப்பா கட்டிப்பான்" என்று பிள்ளைகளிடம் சொல்லுவார். பிள்ளைகளுக்கும் அது வாய்ப்பழக்கமாகிவிட்டது.

சந்து முனையில் ஆறுதல் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சண்டையில் உறவுகளை இழந்தவர்கள் வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, மனதில் இருப்பதைப் பேச வேண்டும். தங்கைக்குத் துணையாக நானும் போவேன். நடத்தியவள் படித்த இளம் பெண். யாருக்குத் தொண்டை அடைத்தாலும் டிஷ்யூ பெட்டியை நீட்டுவாள், அதனால் எங்களுக்கு அவள் டிஷ்யூ டீச்சர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்குப் பேசப் போகிறவர் தன் கையாலேயே கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். போட்டதும் டீச்சர் சொல்லுவாள்: "இங்க சொல்றது இந்த அறையைவிட்டு வெளிய போகாது." கொட்டாவி வரும் அளவுக்கு அதைக் கேட்டிருக்கிறோம்.

தங்கை ரொம்ப நாள் சும்மா உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தாள். ஒருநாள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கொழுந்தன் ஒரு நொடியில் சாகவில்லை. தொடையில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறான். இடுப்பில் சின்னது, கையில் பெரியது, இவள் அவனை எப்படித் தூக்குவாள்? ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் இழுத்துப் போட்டுவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். "நீங்க போங்க அண்ணி, நான் பில்லு கட்டிட்டு வர்றேன்." பிறகு அந்தப் பக்கம் போக யாரையும் விடவில்லை.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு அந்த ஒரு நொடியிலதான் உயிரோட இருக்காரு" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். டீச்சரும் அழுதாள். பொய்யழுகை இல்லை, நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மத்தியானம் கடை வாசலில் லாரி டயர் வெடித்தது. நான் அலறினேன், தங்கையின் மெஷின் நிற்கவில்லை. கழுத்துப்பட்டியை முடித்துவிட்டு, "என்னக்கா இப்படிக் கத்துற?" என்றாள். அன்று முதல் டீச்சர் அவளுக்குத் தங்கச்சி. நானும்தான் அந்தப் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன்.

வருடக் கடைசியில் பொது மண்டபத்தில் விழா வைத்தார்கள். வெளியிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். கூட்டம் நடத்துகிற அலுவலகத்துப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், எழுதியது டீச்சர். தங்கைக்கு முன்வரிசையில் நாற்காலி. மைக்செட், வேறு யார், அவள் கணவர்தான். மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கதையில் தையல்காரி இல்லை, ஒரு நர்ஸ் வந்தாள். கொழுந்தன் இல்லை, நர்ஸின் கூடப் பிறந்த தம்பி. பாலம் இல்லை, ஒரு கிணற்றடி. யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கிணற்றடியில் கிடந்த பையன் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீ போக்கா, நான் பில்லு கட்டிட்டு வர்றேன்."

மண்டபம் சிரித்தது. அடுத்த மூச்சில் விசும்பல். ஸ்பீக்கர் ஒருதரம் வீலென்று கத்தி அடங்கியது. அவர் கை பட்டன் மேல் இருந்தது. கண் மேடையில் இல்லை, முன்வரிசையில் இருந்தது. நாடகம் அதோடு விடவில்லை. அந்தப் பையன் பொழுது சாயும்வரை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கிடந்தான். அவன் குரல் தெளிவாகக் கேட்கும்படி அவர்தான் சத்தத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைசிவரை வேலையை முடித்து, வயரைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"பொழுது சாயறவரைக்கும் கூப்பிட்டானா?"

"அது அவங்களா எழுதினது. எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்துல டீ ஊத்துற பொம்பளைக்குத் தெரியும். இவ எனக்குத்தான் சொல்லல." சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். சாதாரணமாகத்தான் சொன்னார்.

இப்போது அவர் ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்திருக்கும் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் பழக்கதோஷத்தில், "பில்லு சித்தப்பா கட்டிப்பாரு" என்று சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். வேலையில்லாத நாட்களில் பஸ் ஏறிப் போய், அந்தப் பாதையில் இருக்கிற பாலம் ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வருகிறாராம்.

டீச்சர் கடைக்கு வந்தாள். பாவம், முகம் வீங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"அக்கா, பேரு, ஊரு, வேலை எல்லாத்தையும் மாத்தினோம். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவ்வளவு கவனமா இருந்தோம்."

"அவன் சொன்னத மாத்தலயே" என்றாள் தங்கை.

டீச்சர் குனிந்து கீழே கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்தாள். "அதவிட நல்லா எனக்கு எழுத வரலக்கா."

கத்தரிக்கோல் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். நம்பிச் சொன்னவளின் நெஞ்சைப் பிளந்து அதில் நல்லா இருந்ததைப் பொறுக்கி எடுத்தவளிடம் என்ன பேசுவது?

"மறுபடியும் கூட்டத்துக்கு வாங்கக்கா. இப்பதான் உங்களுக்கு அது ரொம்பத் தேவை. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, நாம மட்டும் கதவ சாத்திட்டுப் பேசலாம். இப்பவே வேணும்னாலும் போலாம், வாங்க."

தங்கை பல்லால் நூலைக் கடித்தாள்.

"நீ போம்மா. நான் பில்லு கட்டிட்டு வர்றேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் தங்கையின் கால் மிதியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையின் பள்ளிச் சட்டையைக் கேட்டு ஓர் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"நூல் அறுந்துடுச்சும்மா" என்றேன். "நாளைக்கு வாங்க."